முகம் திருப்பும் மஜீதா

தேனீப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கத் தெரிந்துவிடுவதில்லை. கோத்தகிரி மஜீதா அதற்கு நல்ல சாட்சி. தேனீ வளர்க்கிறவர்களுக்கு ஊர்மக்களிடம் பேசிப் புரியவைக்கச் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தருகிற பயிற்சி ஒன்றில் சேர்ந்திருந்தாள். பாடம், எழுத்து, கேள்வி பதில் எல்லாவற்றிலும் தேறியவள், கடைசிப் பேச்சுத் தேர்வில் மட்டும் மண்ணைக் கவ்வினாள். காரணம், அவள் கூட்டத்தைப் பார்த்தே பேசவில்லை. வாயைத் திறந்தால் போதும், முகம் தானாக இடது பக்கம் திரும்பிக்கொண்டது.

திமிர் ஒன்றும் இல்லை, பழக்கம். தேனடை கட்டிய மரச்சட்டத்தைப் பெட்டியிலிருந்து தூக்கிப் பார்க்கும்போது நம் மூச்சு அதன்மேல் படக் கூடாது. பட்டால் தேனீக்கள் சீறிக்கொண்டு வரும். பேசுவதென்றால் பக்கவாட்டில்தான் பேச வேண்டும். வருடக்கணக்கில் அப்படிப் பேசிப் பேசி, மஜீதாவின் கழுத்து அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. எதிரே இருப்பது தேனீயா மனிதரா என்று கழுத்துக்கு என்ன தெரியும், பாவம்!

"இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் மஜீதா. கூட்டத்தப் பாத்துப் பேசுங்க, அது போதும்," என்று சொல்லியிருந்தார் தேர்வு நடத்தும் லோயிஸ்.

அந்தச் சான்றிதழ் அவளுக்குச் சுவரில் மாட்டுவதற்கு அல்ல. போன வருடம் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு மரப்பொந்திலிருந்த தேன்கூட்டுக்குத் தீ வைத்துவிட்டார்கள். யாரையோ கொட்டிவிட்டதாம். தடுக்க ஓடியவளை, "நீங்க யாருங்க சொல்றதுக்கு?" என்று கேட்டார்கள். கருகிக் கிடந்த பொந்தைப் பார்த்து நின்ற இடத்திலேயே அழுதாள். சான்றிதழ் இருந்தால் எஸ்டேட்காரர்களே கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். அடுத்த தீயையாவது நிறுத்தலாம்.

ஆகவே கணவர் சர்தாரின் மளிகைக் கடையில் ஒத்திகை நடந்தது. அவள் முகம் திரும்பும்போதெல்லாம் சர்தார் கல்லாப்பெட்டியைத் தட்டினார். "மறுபடியும் திரும்பிட்ட புள்ள!" பருப்பு வாங்க வந்தவர்கள் தேனீயைப் பற்றி ஓசியில் தெரிந்துகொண்டு போனார்கள்.

தேர்வு அதே பக்கத்து எஸ்டேட்டில், இலை எடை போடும் ஷெட்டில் வந்து வாய்த்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் லோயிஸ். மஜீதா நேராக நின்று, எல்லோரையும் பார்த்து, ஒப்பிக்க ஆரம்பித்தாள். முகம் அசையவில்லை. ஆனால் முன்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். பிறகு, கொண்டுவந்திருந்த தேனீப் பெட்டியைத் திறந்து சட்டத்தைத் தூக்கினாள். அவ்வளவுதான், கழுத்து தன் வேலையைக் காட்டிவிட்டது.

"ஏனுங்க," என்றாள் மாலதி. போன வருடம் கொட்டு வாங்கி முகம் வீங்கியவள் அவள்தான். "எங்களப் பாத்தாப் பேசப் புடிக்கலீங்களா? மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க?"

ஷெட்டே சிரித்தது. மஜீதாவுக்குப் புரிந்துவிட்டது. போச்சு, இந்தத் தடவையும் போச்சு. மன்னிப்புக் கேட்டு முகத்தை நேராக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் கையில் தேனீக்கள் இருந்தன. நேராக்கினால் முன்வரிசைதான் கொட்டு வாங்கும். தேர்வு போனால் போகட்டும் என்று அப்படியே நின்றாள்.

"உங்க மேல கோவமில்லீங்க," என்றாள், வெளியே தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி. "என் வாய்க்காத்து இதுங்க மேல படக் கூடாது. நம்ம பக்கம் தேன் திருட வர்றது யாருங்க? கரடி. அது கூட்டுல மூக்க வெச்சு மூச்சு விடும். அதனால மூச்சுப் பட்டாலே இதுங்களுக்குக் கரடி வந்துருச்சுன்னு பயம்."

"அப்ப நாங்கெல்லாம் கரடிங்களா?"

"நானுந்தானுங்க. கிட்டப் போய் மூச்சு விட்டா எல்லாரும் கரடிதான்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மாலதி மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்கு உள்ள என்னமோ சத்தம் கேக்குதேன்னு, அந்தப் பொந்துல மூஞ்சிய வெச்சு எட்டிப் பாத்தேனுங்க," என்றாள். "எரிச்சிருக்க வேண்டாம்."

எழுந்து பெட்டியருகே வந்தாள். "இதுல ராணி எதுங்க?" என்று கேட்பதற்கு முன், தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஆளுக்கொரு திசையில் முகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். அந்த நேரம் யாராவது வந்திருந்தால் எஸ்டேட் முழுக்க ஒருவருக்கொருவர் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியாக லோயிஸ் வந்தார்.

"எனக்கும் ஒரு கேள்வி இருக்கு மஜீதா," என்றார். அவர் முகம் ஃபேக்டரிப் பக்கம் திரும்பியிருந்தது. "அடுத்த வாரம் எந்த எஸ்டேட்டுல பேசறீங்க?"

தேர்வு வைக்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் யாருக்கும் நெஞ்சு பதறும். மஜீதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதையும் அவள் இடது பக்கம் திரும்பித்தான் சிரித்தாள்.