மூச்சு இருக்கும்வரை

"ஏட்டி இசக்கி, தொண்டையில என்னத்தைப் பூட்டி வச்சிருக்க?"

கேட்டவள் கேப்டன் ஜெபராணி. அன்று மைதானத்தில் செம்மண் பறந்தது. சாயங்கால வெயில் அதில் சிவந்து நின்றது.

இசக்கி சிரித்து வைத்தாள். கபடியில் அவள் பிடிக்கிறவள். பாடிப் போகிறவள் அல்ல. பிடிக்கக் கை போதும். குரல் வேண்டாம்.

குடியரசு தினத்தை ஒட்டி வந்த விடுமுறையில் அந்தக் கபடிக் குழு தொண்டு வேலைக்காகக் கடல் தாண்டியது. இலங்கையில், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். மண் சரிந்து பள்ளிக்கூடச் சுவர் போயிருந்தது. பெண்கள் வரிசையாக நின்று கல் கைமாற்றினார்கள். மழை. வெயில். மறுபடி மழை.

வரிசையின் கடைசியில் லோஜினி வந்து ஒட்டிக்கொண்டாள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் பிள்ளை. இசக்கி தருகிற கல்லைத்தான் வாங்குவாள். இசக்கியின் தட்டில்தான் ரொட்டி பிய்ப்பாள். வாய் ஓயாது.

"இந்தியாவுல அக்காமார் எல்லாரும் ஊமையா?"

ஜெபராணி விழுந்து விழுந்து சிரித்தாள். "இவ ஒருத்திதான், தங்கம். மிச்சதெல்லாம் ரேடியோப்பெட்டி."

சுவர் எழும்பியது.

கடைசி நாள் மாலை. "நாளைக்கும் இருப்பீங்கதானே அக்கா?" என்றாள் லோஜினி.

விடியுமுன் வேன் புறப்படும். பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை. "நீயே சொல்லிருட்டி," என்றாள் ஜெபராணி, மெதுவாக. இசக்கி வாய் திறந்தாள். மழைதான் பேசியது.

மழை விட்டதும் பிள்ளைகள் கபடி கேட்டார்கள். ஈரத் தரையில் சுண்ணாம்புக் கோடு. ஒரு பக்கம் அக்காமார். ஒரு பக்கம் பிள்ளைகள்.

"இசக்கி அக்காதான் பாடி வரணும்!" லோஜினி கத்தினாள்.

இசக்கி கோட்டைத் தாண்டினாள். கபடி. கபடி. குரல் நடுங்கியது. வந்தது.

லோஜினி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

உதறினால் விடுபடலாம். ஓர் எட்டு வைத்தால் கோடு. இசக்கி நகரவில்லை. பாட்டு நிற்கும்வரை ஆட்டம் நிற்காது. ஆட்டம் நிற்கும்வரை அந்தக் கைகள் விட வேண்டியதில்லை.

கபடி. கபடி. கபடி.

ஜெபராணி சிரிப்பை நிறுத்தினாள். லோஜினி அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிடி இறுகியது. இசக்கி குனிந்து அந்த ஈரத் தலையில் கை வைத்தாள். கண் நிறைந்தது. பாட்டை விடவில்லை.

கபடி. கபடி. இன்னும் கொஞ்சம். கபடி.

மூச்சு தீர்ந்தது.

சின்னக் கைகள் மெல்ல விலகின. கணுக்காலில் விரல் விரலாகச் செம்மண். சாயங்கால வெயில் அதில் சிவந்து நின்றது.

வாய் ஓயாத லோஜினி ஒன்றும் கேட்கவில்லை. எழுந்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, திரும்பாமல், மேலே ஏறிப் போனாள்.