எல்லாம் கார்டுல இருக்கு

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, எட்டுக்கு ஆறடியில் எனக்கு ஒரு செல்போன் கடை இருக்கிறது. 'செந்தில்வேல் மொபைல்ஸ்: உங்கள் போனுக்கு மறுபிறவி' என்று கண்ணாடியில் எழுதி வைத்திருக்கிறேன். எழுத வந்த பெயின்டர், மறுபிறவி எடுக்கணும்னா போன் முதல்ல சாகணுமே அண்ணாச்சி என்று கேட்டான். நான் சிரித்தேன். எதற்கும் சிரிப்பது என் வழக்கம்.

என் தொழில் ரகசியமும் அதுதான். போனைக் கழற்றும்போது அதன் சொந்தக்காரர்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டால் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க மாட்டார்கள். பேசுகிற சுவாரசியத்தில் பாதி நேரம் நானும் பார்ப்பதில்லை.

உலகம்மை அக்கா குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் பழம் விற்கிறவள். ஐம்பது வயதிருக்கும். ஆனி மாதம், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போனோடு வந்தாள். போனில் இடமில்லை, எதைத் தொட்டாலும் அரை மணி நேரம் யோசிக்கிறது என்றாள். என் வீட்டுக்காரியும் என்னைப் பற்றி இதையேதான் சொல்கிறாள், அவளுக்கு நான் எந்தக் கார்டைப் போட என்று கேட்டேன். அக்கா சிரித்தாள்.

இடத்தை அடைத்திருப்பது எது என்று தேடினேன். பதிவான போன் பேச்சுகள், ஆயிரத்துக்கு மேல். குற்றவாளி நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மங்குஸ்தான் மொத்த வியாபாரி ஒருவர் காலையில் ஒரு விலையும் மாலையில் ஒரு விலையும் சொல்கிறார் என்று அக்கா அழாத குறையாகச் சொன்னபோது, வருகிற போன் எல்லாம் தானாகப் பதிவாகும்படி வைத்துக் கொடுத்தேன். அதை அவளும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன். போன் மட்டும் மறக்கவில்லை.

அழிப்பதற்கு முன்னால் ஒன்றைத் தட்டினேன். வேறொரு வாடிக்கையாளரின் ஸ்பீக்கரைச் சோதிப்பதற்காக அக்காவின் போனைத்தான் அதோடு இணைத்திருந்தேன். கடை முழுக்கக் கேட்டது. ஆண் குரல். மிகவும் மரியாதையான குரல்.

"அத்தே, சாப்பிட்டீயளா? ஒண்ணுமில்ல, உங்க மவள அனுப்பி வைங்க. இல்லேன்னா ஒரு நா பள்ளிக்கூடத்துல இருந்து பிள்ளைய நானே கூட்டிட்டு வந்து கெணத்துல போட்டுருவேன். எங்க ஊருக் கெணத்துல தண்ணி கூட கெடையாது அத்தே. பாறதான். சரி, வச்சிரட்டா?"

கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் ஸ்பீக்கரையே பார்த்தார்கள். நான் ஸ்பீக்கரை அணைத்தேன். அக்கா மட்டும் பதறவில்லை. இது போன ஆவணியில் மருமகன் பாண்டியராஜ் பேசியது, இதைக் கேட்டுக்கொண்டேதான் பழம் தரம் பிரித்தேன் என்றாள். நல்லது ஒரு கூடை, அடிபட்டது ஒரு கூடை.

பிறகு விஷயம் முழுவதும் வந்தது. மகள் யோகலட்சுமி திருவேங்கடம் என்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டு, அடி தாங்காமல் பிள்ளையோடு வந்துவிட்டாள். பிள்ளை பெயர் கிருபா, ஆறு வயது. வாராவாரம் பிள்ளையைத் தன்னோடு இரண்டு நாள் அனுப்ப வேண்டும் என்று பாண்டியராஜ் கேட்டிருக்கிறான். திங்கட்கிழமை கோர்ட்டில் விசாரணை. அவன் மிரட்டினான் என்று இவர்கள் சொல்ல, ஆதாரம் எங்கே என்று அவன் பக்கத்து வக்கீல் கேட்க, இவர்கள் பக்கத்து வக்கீல் ஸ்ரீவித்யா கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம்.

"இது ஒண்ணு போதுமே அண்ணாச்சி," என்றாள் அக்கா. "அழிச்சிராதீங்க. பிள்ளையோட உசுரு இதுக்குள்ள இருக்கு."

அழிப்பேனா? அந்த நிமிஷம் எனக்கு மீசை இரண்டங்குலம் கூடுதலாக முளைத்தது. புது மெமரி கார்டு ஒன்றைப் போட்டேன். காசு வேண்டாம் என்று வேறு சொன்னேன். வெறும் கார்டாகப் போடாமல், இன்டர்னல் என்று மாற்றிவிட்டேன். அப்படி மாற்றினால் போன் அந்தக் கார்டைத் தன் உடம்பில் ஒரு பாகமாகவே எடுத்துக்கொள்ளும், இடமும் பெருகும், செயலிகளும் அதில் ஏறிக்கொள்ளும். பதிவுகள் மொத்தத்தையும் அதற்கு நகர்த்தினேன். என் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் போட்டு வைத்திருக்கலாம். கால் மணி நேர வேலை. ஆனால் அதில் இடமில்லை. வாடிக்கையாளர்களுக்கு ஏற்றிக் கொடுக்க வைத்திருந்த சினிமாக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. நாலு படத்தை அழிக்க மனம் வரவில்லை.

"எல்லாம் கார்டுல இருக்குக்கா," என்றேன். "போன் போனாலும் கார்டு இருக்கும்."

இந்த வாக்கியத்தை நான் பதினைந்து வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சாதாரணமாகப் போட்ட கார்டுக்கு அது முழு உண்மை.

அக்கா அங்கிருந்தே வக்கீலுக்குப் போன் போட, ஸ்ரீவித்யா எனக்கு நன்றி சொன்னாள். போனையும் கார்டையும் இருக்கிறபடியே கொண்டுவரச் சொன்னாள்.

சனிக்கிழமை சீசன் கூட்டம். குற்றாலத்தில் ஜனங்கள் குளித்தால் தென்காசியில் எனக்குச் சோறு. அருவியில் தாங்களும் குளித்துச் சட்டைப்பையில் இருந்த போனையும் குளிப்பாட்டிய பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் உலகம்மை அக்காவும் நின்றாள். அவளுடைய போன் ஒரேயடியாக உறைந்துவிட்டது. நான் போட்ட கார்டு மலிவானது. செயலிகளைத் தூக்கிச் சுமக்க அதற்குத் தெம்பில்லை. கோர்ட்டில் போட்டுக் காட்டும்போது இப்படி நின்றுவிட்டால் என்ன செய்ய என்று அக்கா கேட்டாள்.

போனை ரீசெட் செய்துவிட்டால் பிறந்த பிள்ளை மாதிரி ஆகிவிடும் என்றேன். பதிவுகள் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். கேட்டாள் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். எல்லாம் கார்டில் இருக்கிறது என்று மறுபடியும் சொன்னேன். ரீசெட் செய்வதற்கு முன் கார்டை வெளியே எடுத்து வைப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் அதைச் சுத்தமாகச் செய்தேன். கார்டைக் கழற்றி, மேஜை மேலிருக்கும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, இதைப் பார்த்துக்கொள்ளும், நீர் சும்மாத்தானே இருக்கிறீர் என்று சொன்னேன். வரிசை முழுக்கச் சிரித்தது. போனில் மூன்று வரி இங்கிலீஷில் ஓர் எச்சரிக்கை வந்தது. படிக்காமல் சரி என்று அமுக்குகிறவர்களைக் கேலி செய்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். அமுக்கினேன்.

போன் பிறந்த பிள்ளையாக எழுந்தது. கார்டைச் செருகினேன். இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை, புதிதாக்கவா என்று கேட்டது.

அப்போதுதான் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. இன்டர்னல் ஆக்கிய கார்டைப் போன் தன் பூட்டைப் போட்டுப் பூட்டிவைக்கும். சாவி போனுக்குள் இருக்கும். ரீசெட் செய்தால் சாவி அழிந்துபோகும். கார்டில் பாண்டியராஜின் ஒவ்வொரு வார்த்தையும் பத்திரமாக இருக்கிறது. பிள்ளையார் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். இனி அதை யாராலும் திறக்க முடியாது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு சாரலில் நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. விரல் நுனிகளில் மங்குஸ்தான் கறை. வரிசையில் பத்துப் பேர் என்னையே பார்த்தார்கள். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் வேறொன்றைச் சொன்னது.

"கார்டுல தண்ணி ஏறிருக்குக்கா."

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பதில் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

"நேத்து சாரல்ல நின்னுக்கிட்டு போன் பேசினேன்," என்றாள். "கவருக்குள்ள வைன்னு மக சொன்னா. நான் ஒரு கூறுகெட்டவ, அண்ணாச்சி."

வரிசையில் நின்ற ஒருவர், இந்தச் சாரலுக்குப் போன் எப்படித் தாங்கும், நாமதான் பாத்து வச்சுக்கிடணும் என்று அவளுக்குப் புத்தி சொன்னார். நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவித்யா கடைக்கு வந்தாள். சின்ன வயசு, நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிற பழக்கம். பதிவு போனால் போகட்டும், அதைக் காதால் கேட்டவர் நீங்கள் இருக்கிறீர்கள், கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் அண்ணாச்சி என்றாள். கூட நின்று கேட்டவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அது எப்படி அழிந்தது என்பதையும் கூடவே எழுத வேண்டும் என்றாள். அந்தப் பக்கத்து வக்கீல் கட்டாயம் அதைத்தான் கேட்பாராம். கார்டைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னாலும் சொல்வாராம்.

சோதனை என்றால் தண்ணீர் இல்லை என்று தெரிந்துவிடும். ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மறுபிறவிக்காரன் சாவியைத் தொலைத்தவன் என்று கண்ணாடியில் எழுத வேண்டியதுதான். நடு சீசன். என் மண்டையில் ஓடியது இவ்வளவுதான். பாண்டியராஜ் சொன்ன கிணறு அதில் வரவில்லை.

"சரியா வெளங்கலம்மா," என்றேன். "பஸ் ஹார்ன் அடிச்சிட்டு இருந்துது. ஸ்பீக்கரும் டொக்கு. யாரோ சாப்பிட்டாச்சான்னு கேட்ட மாதிரி இருந்துது."

அவள் பேனாவை மூடிப் பையில் போட்டாள். "சரி சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள். வரும்போது அண்ணாச்சியாக இருந்தவன் போகும்போது சார் ஆகியிருந்தேன்.

வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை பிள்ளை தகப்பனோடு இருக்கலாம் என்று திங்கட்கிழமை கோர்ட்டில் உத்தரவாயிற்று. பிள்ளையை ஒப்படைக்கப் பொதுவான ஓர் இடம் வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற செந்தில்வேல் மொபைல்ஸ் என்று பாண்டியராஜ் தரப்பு சொன்னதாம். உலகம்மை அக்கா உடனே சம்மதித்துவிட்டாளாம். தெரிந்த இடம், நல்ல மனுசன் என்று.

முதல் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அக்கா பிள்ளையைக் கூட்டிவந்தாள். யோகலட்சுமி வரவில்லை, பார்க்கத் தாங்காது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பாண்டியராஜ் முன்னமே வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அதே மரியாதையான குரல். போனுக்குக் கண்ணாடி ஒட்டச் சொன்னான். ஒட்டினேன்.

"ராசியான கட அண்ணாச்சி," என்றான். "என் போன்ல பேசுதது ஏதும் பதிவாகுதான்னும் பாத்துருங்க. இந்தக் காலத்துல யாரு எத ரெக்கார்டு பண்ணுதாவன்னு ஒண்ணும் சொல்ல முடியல."

பார்த்தேன். பதிவாகவில்லை என்று சொன்னேன். அதற்கும் சேர்த்து நன்றி சொன்னான்.

கிருபா என் மேஜையின் அலுமினிய விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. விடவும் இல்லை. அக்கா என் பக்கம் குனிந்து காதோடு சொன்னாள்.

"அண்ணாச்சி, என்னத்தையாவது சொல்லிச் சிரிக்க வைங்க. பிள்ள அழுதா நாங்கதான் சொல்லிக் கொடுத்து அழ வைக்கோம்னு கோர்ட்டுல போய்ச் சொல்லுவான். பெறகு நெரந்தரமா அவங்கூட அனுப்பிருவாவ."

ஓடாத மாடல் போன் ஒன்றைக் காதில் வைத்து, குற்றாலத்துக் குரங்கோடு பேசினேன். அது மெமரி ஃபுல் ஆகிவிட்டதாம், திருடின பழத்தை எந்த மரத்தில் வைத்தோம் என்று மறந்துபோய்விட்டதாம், கார்டு ஒன்று போட்டுத் தாரும் என்று கேட்கிறதாம், எங்கே செருக என்று கேட்டால் வாலைத் தூக்கிக் காட்டுகிறதாம்.

கிருபாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது. சிரித்தால் வெட்கப்பட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். பொத்தினாள். கை விளிம்பை விட்ட அந்த நொடியில் பாண்டியராஜ் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினான்.

மூன்றாவது வாரம் தாங்க முடியாமல் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் இல்லை, சாவியை அழித்தவன் நான், வக்கீலம்மாவிடம் பொய் சொன்னவனும் நான் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"எம்மேல பரிதாபப்பட்டு பழிய நீங்க ஏத்துக்கிடுதீயளாக்கும்," என்றாள். "வெளயாடாதீய, அண்ணாச்சி. எங் கையில இருந்த ஈரம் எனக்குத் தெரியும்லா."

இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். நான் அவளோடு சேர்ந்து சிரித்தேன். கார்டு இன்னும் பிள்ளையார் படத்துக்கு முன்னால்தான் இருக்கிறது.

நேற்று ஐந்தாவது வெள்ளிக்கிழமை. கிருபா வந்தாள். முழங்கைக்கு மேலே கன்றிப்போன ஒரு காயம். பாவாடை சட்டையின் கையை அக்கா கீழே இழுத்து விட்டிருந்தாள். கேட்டால் ஊஞ்சலிலிருந்து விழுந்தேன் என்று பிள்ளை சொல்கிறதாம், அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லையாம். பாண்டியராஜ் வாசலில் நின்று பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளை வந்ததும் மேஜை விளிம்பைப் பிடித்தாள். உதட்டை உள்ளே மடக்கி இறுக்கிக்கொண்டாள். நான் மாடல் போனை எடுத்ததும் தலையை ஆட்டினாள்.

"மாமா, இன்னைக்குச் சொல்லாதீங்க," என்றாள், மிகவும் மெதுவாக.

அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, பிள்ளைக்கு இல்லை, அக்காவுக்கு. பாண்டியராஜ் ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தான்.

போனைக் காதில் வைத்தேன். இந்த வாரம் குரங்கு கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போயிருந்தது. நல்ல ஜோக். இரண்டு நாளாக யோசித்து வைத்தது.

கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.