அத்தானின் கையெழுத்து

கொழும்பு ஆஸ்பத்திரிக் கடிதம் எங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்து சேர இருபத்திரண்டு நாள் எடுத்தது. வழியில் ஆமிக்காரர் பிரித்துப் பார்த்து ஒட்டியிருந்தார்கள். எங்கள் குடும்பத்து இரண்டு கருக்களால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று திருப்திப்பட்டிருக்க வேண்டும்.

அக்கா அருள்மலரும் அத்தான் இக்னேசியஸும் பிள்ளைக்காக அங்கே உறைய வைத்திருந்த கருக்கள் அவை. துறைமுகத்துக்கு வேலைக்குப் போன அத்தான் சைக்கிளோடு காணாமல் போய் ஒன்றரை வருடம். சனிக்கிழமைகளில் வீட்டு ஆட்களின் பட்டியலோடு வரும் சிப்பாய் அவர் பெயரை வாசித்தால், “வேலைக்குப் போனவர், வருவார்,” என்பாள் அக்கா. அவனும் ஒரு சரி போடுவான். ஒன்றரை வருடமாக அத்தான் லீவே எடுக்காமல் வேலையில் இருந்தார்.

அவரில்லாமல் கருக்களை அக்காவுக்கு வைக்க மாட்டார்கள் என்றது கடிதம். பிள்ளையில்லாத வேறொரு தம்பதிக்குக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் மாத முடிவில் அழித்துவிடுவார்கள். கொடுக்க இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். அல்லது ஒருவரின் மரணச் சான்றிதழ்.

“ஆஸ்பத்திரியில பக்கத்துக் கதிரையில இருந்த பொம்பிளை என்ர லேஞ்சியை வாங்கித்தான் கண்ணைத் துடைச்சவ,” என்றாள் அக்கா. “அப்பிடி ஆருக்கும் போகட்டும்.”

நான் பேனையை எடுத்தேன். கல்லூரி றிப்போட்டில் நாலு வருடமாக அத்தானின் கையெழுத்தைப் போட்டு வந்தவன் நான். அகப்பட்ட அன்று அவர் கேட்டது ஒன்றுதான்: “என்ர கையெழுத்தை எனக்கும் காட்டித் தாடா சிறில்.”

இப்போது ஒரு தாளில் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அக்கா கடைசி எழுத்தின் வாலை விரலால் தடவினாள்.

“அப்பிடியே அவற்றதான்,” என்றாள். “கிழிச்சுப் போடு.”

“ஆருக்கக்கா தெரியப்போகுது?”

“பிறக்கப்போற பிள்ளையடா. துவக்கமே கள்ளக் கையெழுத்தில வேண்டாம்.”

“அப்ப, அத்தான் செத்துப்போனார் எண்டு எழுதப்போறீங்களோ?”

மரணச் சான்றிதழ்ப் படிவத்தோடு முன்பு இரண்டு தரம் வந்த கிராம சேவகர் காசிநாதரைப் படலையிலேயே திருப்பி அனுப்பியவள், மறுநாள் தானே அவரைத் தேடிப் போனாள்.

சான்றிதழ் கிடைத்தபோது மாதம் முடிய நாலு நாள் இருந்தது. நானே பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அத்தானின் மரணத்தை விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. எவரும் சந்தேகப்படவில்லை.

சனிக்கிழமை சிப்பாய் வந்தான்.

“இக்னேசியஸ்?”

அக்கா என்னைப் பார்த்தாள். அவனும் என்னைப் பார்த்தான். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான், நிலத்தைப் பார்த்தேன்.

“அவர் இனி வரமாட்டார்,” என்றாள்.

பெயரை வெட்டப் போனான். பேனை எழுதவில்லை. உதறினான்; அப்போதும் எழுதவில்லை. அக்கா என் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.