சாக்ஸுக்குள் இருந்த சிலிண்டர்

"நவம்பர் 6, வியாழன். இன்று தெரிந்த பிழை: போன வாரம் மார்லிஸின் ரிவால்வரைத் துடைத்தபோது கம்பி குழல் வாயில் உரசியது. சின்ன உரசல்தானே என்று விட்டுவிட்டேன்."

கோர்பின் நோட்டை மூடினான். மாலை வகுப்பில் துப்பாக்கிப் பழுதுபார்க்கப் படிப்பவன் அவன். வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். மேசைப்பிடியில் ரிவால்வர் இறுகியிருந்தது; குழல் வாயில் வெட்டுளியும் பொருத்தியாகிவிட்டது. அதைத் திருகினால், தோட்டாவைக் கோணவைக்கும் அந்த உரசிய விளிம்பு போய்விடும். ஆனால் வெட்டிய இரும்பு திரும்ப வராது.

பக்கத்தில் மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். மொன்டானா மலையில் பொறி வைத்து விலங்கு பிடித்துப் பிழைப்பவள். சனிக்கிழமை வேட்டைப் பருவம் தொடங்குகிறது. பொறியில் சிக்கிய விலங்கை ஒரே தோட்டாவில் முடிக்க இந்தத் துப்பாக்கிதான் அவளுக்கு. இப்போதோ தோட்டாக்கள் குட்டிக்கரணம் போட்டுக் குறி அட்டையில் பக்கவாட்டில் பாய்கின்றன. ஓட்டைகள் ஒவ்வொன்றும் சாவித்துவாரம் போல நீண்டிருந்தன.

"என்ன பையா, கும்பிட்டுட்டு வெட்டப் போறியா?"

"வெட்டிட்டா அப்புறம் ஒட்ட முடியாது, மார்லிஸ்."

"நீ தொடைக்கறதுக்கு முன்னாடி நல்லாத்தான் சுட்டுச்சு."

என் கம்பிதான், என் கைதான். கோர்பின் வெட்டுளியின் பிடியைப் பற்றினான்.

கையுறையைத் தேடிய மார்லிஸ், கோட்டுப் பையிலிருந்ததை மேசையில் கொட்டினாள். பனியில் எதையும் விட்டுவிட்டு வராத வழக்கம் அவளுக்கு. சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளும் அந்தப் பையில்தான் இருந்தன. அவற்றில் ஒன்று உருண்டு அவன் கையில் முட்டியது.

நடுவில் உப்பியிருந்தது. இன்னொன்று நீளவாக்கில் பிளந்திருந்தது.

குழல் வாயில் உரசினால் கூடு ஏன் பிளக்க வேண்டும்?

"இன்னொரு சிலிண்டர் எங்க?"

"சாக்ஸுல. நீதானே சுத்திக் குடுத்தே."

இந்த வகை ரிவால்வருக்குத் தோட்டாக்களைப் போடும் சுழல் உருளைகள், அதாவது சிலிண்டர்கள், இரண்டு உண்டு: ஒன்று சாதாரணத் தோட்டாவுக்கு, மற்றது சற்றுப் பருத்த மேக்னம் தோட்டாவுக்கு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். கோர்பின் துப்பாக்கியிலிருந்ததை உருவி, சாதாரணத் தோட்டா ஒன்றை அதற்குள் விட்டான். லொடலொடவென்று ஆடியது. இந்த இடைவெளியில்தான் கூடு உப்பிப் பிளந்திருக்கிறது. மேசையில் கொட்டியதில் கிடந்த கம்பளி சாக்ஸைப் பிரித்து, அதிலிருந்த சிலிண்டரில் விட்டான். சிக்கென்று உட்கார்ந்தது.

"தப்பு என்னுதுதான். ஆனா கம்பியில்ல. சிலிண்டரை மாத்திப் போட்டுட்டேன்."

மார்லிஸ் வெட்டுளியைப் பார்த்தாள். "செருப்பை மாத்திப் போட்டுட்டு என் காலை வெட்டப் பாத்தியாடா!"

அவன் வெட்டுளியைக் கழற்றி, சரியான சிலிண்டரைப் பூட்டினான். அடுத்த அறையின் சுடுமிடத்தில் அவளே சுட்டாள். அட்டை திரும்பி வந்தது. ஆறும் வட்ட ஓட்டைகள். ஒரு காப்பிக் குவளையின் வாய்க்குள் அடங்கின.

"உரசலு?"

"இருக்கு. அதைத் தொட வேண்டாம்."

அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். மேக்னம் சிலிண்டரை அவன் பக்கம் தள்ளினாள். "இதுல ஏதாவது அடையாளம் போடு. இனி உன்னை நம்பி இல்ல, என் கண்ணை நம்பித்தான் மாட்டுவேன்."

அவள் போனதும் நோட்டைத் திறந்து, அன்றைய பிழையை அடித்துவிட்டுச் சரியானதை எழுதினான். அதன் கீழே:

"நாளை: மேக்னம் சிலிண்டரின் முன்முகத்தில் ஆழமாக ஒரு கோடு போட வேண்டும். இருட்டுமுன் மார்லிஸிடம் சேர்க்க வேண்டும்."