பாயின் கீழே மூன்று பேர்

1987ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடத்திற்கு, சவாயி தீவில் சாலெமோவா ஊரில், என் தம்பி லெவாசாவின் வீட்டு முன் புல்தரையில் பக்கத்து ஊர்க்காரர் வாயெலுவாவின் குடும்பத்தார் பதினொரு பேர் வந்து அமர்ந்தார்கள். முன்னால் மூன்று பேர், தாழைமடலைப் பட்டுப்போல் இழைத்துப் பின்னிய ஒரே பாயைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு மண்டியிட்டுக் குனிந்திருந்தார்கள். அவர்களுக்கு முன் ஒரு கட்டு விறகும், கருங்கற்களும், வாழை இலைகளும் வைக்கப்பட்டிருந்தன. அடுப்புக்கு வேண்டியவை அவை. எங்களை அடுப்பிலிட்டுச் சுட்டாலும் தடையில்லை என்று வந்தவர்கள் சொல்வதாக அதன் பொருள்.

வந்த காரணம் இது. புதன்கிழமை மாலை கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவில் ஒரு கேட்ச் பற்றி வாய்த்தகராறு எழுந்தது. வாயெலுவாவின் இளைய மகன் எட்டுவாலே, லெவாசாவின் இளைய மகன் பெனியின் தலையில் மட்டையால் அடித்தான். வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பெனி மருத்துவமனையில் இறந்தான். அவனுக்கு வயது இருபத்திரண்டு. நாங்கள் அமர்ந்திருந்த அதே கூரையின் கீழ், எனக்குப் பின்னால், வெள்ளைத் துணி மூடி அவன் கிடந்தான்.

எங்கள் தீவு வழக்கப்படி, வீட்டுக்காரர் இறங்கிச் சென்று பாயை விலக்கினால் பகை முடிந்தது. விலக்காவிட்டால், கீழே இருப்பவர்கள் எழுந்து ஓடவும் கூடாது, கை ஓங்கவும் கூடாது. வெட்டினால் வெட்டுப்பட வேண்டும்.

பாய்க்குள்ளிருந்து வாயெலுவாவின் குரல் வந்தது.

"லெவாசா, நான் வந்திருக்கேன். என் தம்பி வந்திருக்கான். அடிச்ச பயலும் இந்தப் பாய்க்குக் கீழதான் இருக்கான். வெட்டுறதும் விடுறதும் உங்க மனசு."

பெனியின் அண்ணன் தாவிதா படியில் அமர்ந்திருந்தான். தோப்பில் புதர் வெட்டும் நீளக் கத்தி அவன் மடியில் குறுக்கே கிடந்தது.

"விறகு இருக்கு, கல்லு இருக்கு, இலையும் இருக்கு," என்றான். "தீப்பெட்டி மட்டும் நாமளே போட்டுக்கணுமாம். கஞ்சப் பசங்க."

"வாய மூடுடா," என்றான் லெவாசா.

"மூடுறேன்பா. பெனி மூடிட்டான்ல, நானும் மூடிக்கிறேன்."

வெளிச்சம் வந்தது. பாய் பெரியதுதான், ஆனால் மூன்று ஆண்களை முற்றிலும் மறைக்கும் அளவுக்குப் பெரியதன்று. பின்புறம் ஆறு பாதங்கள் வெளியே தெரிந்தன. வாயெலுவாவின் ஊர்ப் பள்ளியில் முப்பத்தேழு ஆண்டுகள் நான் ஆசிரியையாக இருந்தேன். ஒவ்வொரு காலையும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையையும் காலையும் பார்த்த பிறகுதான் வகுப்புக்குள் விடுவேன். எட்டுவாலேக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. ஒன்பது வயதில் கோடரி விழுந்து போனது. கட்டுப் போட்டவள் நான்.

பாய்க்கு வெளியே கிடந்த இளம் பாதங்களில் பத்து விரல்களும் இருந்தன.

அது எட்டுவாலேயின் அண்ணன் மீக்காதான் என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை. இருவருக்கும் ஒரு வயதுதான் இடைவெளி, முகமும் ஒன்றுதான். எங்கள் ஊரார் அவர்களை மைதானத்தின் மறுபுறத்தில் பார்த்ததோடு சரி. குடும்பம் ஓருடல், எந்தக் கை மண்ணில் பட்டாலும் வணக்கம் வணக்கமே என்று வாயெலுவா எண்ணியிருக்க வேண்டும். அந்த எண்ணம் பிழையானது. பொய்யின்மேல் பாயை விலக்கினால், என்றாவது ஒரு நாள் சந்தையில் ஒன்பது விரல்களோடு ஒருவன் எதிரே வருவான். அன்று போர்த்திக்கொள்ளப் பாய் எதுவும் மிஞ்சியிராது. உண்மையை இப்போதே சொன்னால், தாவிதா மூன்று தலைகளையும் வெட்டிக் கணக்குத் தீர்ப்பதற்கு மூச்சு விடும் நேரம் போதும்.

லெவாசா எழுந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் கைகள் வெறுமையாக இருந்தன. விலக்கத்தான் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"இரு தம்பி," என்று சொல்லிவிட்டு அவனுக்கு முன் நான் இறங்கினேன். விறகைத் தாண்டிச் சென்று, பாயின் ஓரத்தில் மண்ணில் அமர்ந்து, என் வலது கையைப் பாயின்மேல் வைத்தேன். கூடப்பிறந்தவள் கைவைத்த இடத்தில் ஆண்பிள்ளை ஆயுதம் இறக்குவதில்லை. அவள் வாயால் சாபம் விழுந்தால் அவன் வழி தழைக்காது. இதை எங்கள் ஊரில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் அமர்ந்தேன், அதன் பிறகே பேசினேன்.

"வாயெலுவா, இது மீக்கா. எட்டுவாலே எங்க?"

பாய் நடுங்கியது. பின்னால் இருந்த எட்டுப் பேரும் தலையை இன்னும் தாழ்த்தினார்கள்.

"டீச்சர்..." என்றது மீக்காவின் குரல். "அம்மா என் கால்ல விழுந்துட்டாங்க டீச்சர். நான் என்ன பண்ணுவேன்?"

"எங்கன்னு கேட்டேன்."

"துறைமுகத்துல, அம்மாவோட. எட்டு மணிக் கப்பல்ல பக்கத்துத் தீவு. அங்கேருந்து விமானத்துல ஆக்லாந்து."

தாவிதா அதற்குள் வந்துவிட்டான். நடந்துதான் வந்தான், ஓடியிருந்தால் நான் இவ்வளவு அஞ்சியிருக்க மாட்டேன். கத்தியின் தட்டையான பக்கத்தைப் பாயின்மேல், மீக்காவின் கழுத்து இருந்த இடத்தில், மெல்ல வைத்தான்.

"எந்திரிங்க அத்தை."

"மாட்டேன்."

"பொணத்துக்கு முன்னாடியே பொய் சொல்றாங்க. இவனுங்களுக்கு நீங்க காவலா? பெனி உங்க மடியில வளந்தவன் அத்தை."

"வளத்தவதான்டா உக்காந்திருக்கேன். வேற எவளாச்சும் உக்காந்தா நீ நிப்பியா?"

கத்தி நகரவில்லை. லெவாசா என்னைப் பார்த்துச் சொன்ன குரலில் தம்பி என்பவன் இல்லை.

"அக்கா, எந்திரி. இது இனி பாயில்ல. வெறும் துணி."

"எந்திரிக்கிறேன். ஆனா என் வாயில ஒரு சொல்லோட எந்திரிப்பேன். அது உன் மத்த புள்ளைங்க மேல விழும். வேணுமா?"

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். நான் வாயெலுவாவின் பக்கம் திரும்பினேன்.

"உன் பிக்கப் வெளிய நிக்குது. உன் ஆளு ஒருத்தன் போய் அவனைக் கூட்டிட்டு வரட்டும். உச்சி வேளை வரைக்கும் என் கை இங்க இருக்கும். அதுக்குமேல எடுத்துருவேன். எடுத்த பிறகு நான் யாரையும் பாக்க மாட்டேன், கேக்கவும் மாட்டேன்."

"வரலேன்னா, டீச்சர்?" என்றது வாயெலுவாவின் குரல்.

"அதான் சொன்னேன்ல."

வண்டி ஆறு ஐம்பதுக்குப் புறப்பட்டது. துறைமுகம் ஒரு மணி நேரத் தொலைவு. கப்பலைப் பிடித்தார்களா, தவறவிட்டார்களா என்று அறிய வழியில்லை. எட்டு மணி ஆயிற்று, ஒன்பதும் ஆயிற்று. வெயில் ஏறியது. பாய்க்குள் வாயெலுவாவின் தம்பி ஒருமுறை சாய்ந்தார். மீக்கா தோள் கொடுத்து நிமிர்த்தினான். தாவிதா எங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தான். அவன் நிழல் என்மேல் விழுந்து விழுந்து போயிற்று. ஒவ்வொரு சுற்றிலும், "எத்தனை மணி அத்தை?" என்று மரியாதையாகக் கேட்டான். ஒவ்வொரு முறையும் நான் சரியான மணியைச் சொன்னேன். உள்ளே பெண்கள் ஈயோட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. என் கை மரத்துப்போயிற்று. எடுத்து மாற்றிவைக்க எனக்குத் துணிவில்லை.

பதினொன்று இருபதுக்கு வண்டி வந்தது. எட்டுவாலே தானே இறங்கினான். அவன் தாய் அவன் சட்டையைப் பற்றியிருந்தாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத் தனியே நடந்து வந்தான். தாவிதா வழியில் நின்றான். எட்டுவாலே அவன் முன் ஒரு கணம் நின்று, அவனைச் சுற்றிக்கொண்டு வந்து, பாயைத் தூக்கி உள்ளே நுழைந்தான்.

"நீ போடா," என்று அண்ணனிடம் சொல்வது கேட்டது.

"கப்பல்ல ஏறலையாடா?"

"ஏறினேன். எறங்கிட்டேன். அம்மாதான் வண்டியில ஏற விடல, அதான் இவ்வளவு நேரம்."

மீக்கா வெளியே வந்தான். நான் கையை எடுத்தேன். விலக்கு என்று லெவாசாவிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அவன் தன் மகன் கிடந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு வந்து, பாயின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கினான். தாவிதா தோப்புப் பக்கம் போய்விட்டான்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு இரு ஊர்த் தலைவர்களும் கூடி முடிவு செய்தவை: பாய் விலக்கப்பட்டது செல்லும், இரத்தப்பழி இல்லை. எட்டுவாலே அன்றே காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். தண்டனை முடிந்த பிறகும் இத்தீவில் குடியிருக்கக் கூடாது. சொன்ன பொய்க்காக வாயெலுவா ஐந்தாண்டுகள் சபையில் பேசும் உரிமை இழப்பார். மீக்கா மேல் குற்றமில்லை. பாய் பெனியோடு புதைக்கப்படும். தாவிதா ஓராண்டு பக்கத்துத் தீவில் மாமன் வீட்டில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி முடிவை அவனிடம் தெரிவிக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. தெரிவித்தேன். "எத்தனை மணிக் கப்பல் அத்தை?" என்று மட்டும் மரியாதையாகக் கேட்டான்.