ஒரே இரத்தம், இரண்டு குசினி

என் கணவர் உதயரூபனும் அவருடைய தம்பி ரதீஸும் இரட்டையர்கள், உரித்து வைத்த மாதிரி இருப்பார்கள். தொப்பையை வைத்துத்தான் ஊர் அவர்களை அடையாளம் காணும். தொப்பை என் வீட்டுக்காரருடையது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். இவர் நாவற்குடாவில் எங்களோடு. ரதீஸ் வாவிக்கு அந்தப் பக்கம் கொக்கட்டிச்சோலையில். மருமகனைக் கவனிப்பதில் என் அம்மாவை யாரும் மிஞ்ச முடியாது. பீங்கானில் சோறு குறைந்தால் அம்மாவுக்குக் கௌரவக் குறைச்சல். பொழுதுபட்டால் பால் தேத்தண்ணியும் பேக்கரியில் வாங்கிய, சீனி தூவிய பணிசும் வேறு.

இவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, என்று டொக்டர் நுஸ்ரா சொன்னபோது இவர் அசையவே இல்லை.

"அப்பாக்கும் இதுதானே. காலை வெட்டி எடுத்தும் உயிர் தப்பல்ல. எங்கட ரத்தம் அப்பிடி, கம்சா. என்ன செய்யிற?"

எனக்கு வந்த ஆத்திரம்! சாகத் தயாராக நிற்கிற மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இரட்டையர் என்று அறிந்ததும் டொக்டர் தம்பியையும் வரச் சொன்னார். ரதீஸின் இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே மரபணுதான்," என்றார் டொக்டர். "ஆனா உடம்பு எல்லா மரபணுவையும் ஒரே மாதிரி வேலை வாங்காது. சாப்பாடு, நடை, நித்திரை எல்லாம் சிலதை எழுப்பும், சிலதைப் படுக்க வைக்கும். தம்பி என்ன செய்யிறீங்க?"

"வயல் வட்டைக்குச் சைக்கிள்ல போவன். மாமி சிவத்த அரிசிச் சோறும் கீரையும்தான் தருவா. பணிஸ் கேட்டா ஏசுவா."

அப்போ குற்றம் இரத்தத்தில் இல்லை, எங்கள் குசினி அடுப்பில்! அம்மா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே பணிஸ் டின்னைக் கழுவிக் கவிழ்த்தார்.

விடிய வெள்ளன நானும் இவரும் வாவிக்கரையால் நடந்தோம். முதலில் முனகினார். பிறகு கதை வந்தது. கலியாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு கதைத்ததில்லை. மாரி முடியும்போது சீனி நன்றாக இறங்கியிருந்தது. "விட்டுடாதீங்க," என்றார் டொக்டர்.

போன ஞாயிறு பாணும் பணிசும் விற்கிற ஓட்டோ பாட்டோடு வந்து நின்றது. ஜன்னலால் எட்டிப் பார்த்தால், இவர் பணிசைக் கடிக்கப் போகிறார்! பாய்ந்து போய்ப் பறித்தேன்.

"அறிவிருக்கா? உங்களுக்காக விடிய எழும்பி நடக்கிறது நானா, பேயா?"

"மச்சாள், நான் ரதீஸ்!"

வாசல் படலையடியில் நின்று இவர் சிரித்தார். தம்பியின் பக்கத்தில் வந்து நின்றபோதும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சந்தோஷத்தில், பறித்த பணிசைத் திருப்பிக் கொடுக்க மறந்து, நானே தின்றுவிட்டேன்.