ஏரிக்கரையில் ஆளில்லாத படம்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அந்த ஓவியர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தபோது அதைத்தான் செய்தாள். இடத்துக்கே போய், பார்த்ததைப் பார்த்தபடி வரைகிறேன், ஒரு புல்லைக்கூடக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை என்று சொல்லிவைத்தாள். இயற்கைக் காட்சி வரைகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பொய்தான். மரம் இடைஞ்சலாக நின்றால் நகர்த்துவார்கள், மின்கம்பி குறுக்கே போனால் விட்டுவிடுவார்கள். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

இவளைக் கேட்டுவிட்டார்கள். கேட்ட இடம் நீர்வளத் துறை அலுவலகத்தின் மாடி அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி. இந்தப் பக்கம் அவளுடைய அத்தான், அதாவது அக்கா கணவர். ஏரி மதகைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. ஏழு மாதத்துக்கு முன் வெள்ளம் வந்த அன்று, மாலை நாலு மணிக்கு அவர் கரையில் இறங்கி நீர்மட்டம் பார்க்கவே இல்லை, வீட்டில் உட்கார்ந்து குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதிவிட்டார், அதனால்தான் கீழத்தெரு மூழ்கியது என்று புகார். நிரூபணமானால் வேலை போகும், வழக்கும் வரும்.

புகாருக்குச் சாட்சி, அவள் வரைந்து கண்காட்சியில் வைத்த படம். சாம்பல் வானம், சாம்பல் தண்ணீர், சேற்றுக் கரை, அளவுக்கம்பம். பின்பக்கம் அவள் கையாலேயே அந்தத் தேதியும் ‘மாலை நாலு மணி’யும் எழுதியிருந்தது. கம்பத்தின் பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

அத்தான் அங்கே நின்றார், முதலில் அவரையும் வரைந்தேன், பிறகு எடுத்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே பின்பெஞ்சில் இருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தது தெரிந்தது. அக்காவுக்கு இது புதுச் செய்தி. ஏழு மாதம் புருஷனுக்காகப் படியேறி இறங்கியவளிடம், அவரைப் படத்திலிருந்து நானே எடுத்துவிட்டேன் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "பேப்பர்ல ஒண்ணு சொல்றீங்க, இங்க வந்து ஒண்ணு சொல்றீங்க. நீங்க அவருக்குக் கொழுந்தியா வேற. நான் எதை எழுதிக்கட்டும்?"

படத்தைச் சுரண்டினால் தெரியும் என்றாள். கண்காட்சி முடிந்ததிலிருந்து படம் ஓவிய அரங்கத்தின் பூட்டுக்குள்தான் இருந்தது, அதனால் இடையில் யாரும் கைவைத்தார்கள் என்று சொல்ல வழியில்லை. அடுத்த வாரம் அது அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். முப்பது வருஷ உழைப்பில் அங்கே போகும் முதல் படம். விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து இன்னும் போடவில்லை, இது என் பொருள், என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று அவள் சொன்னபோது, படத்தைக் கொண்டுவந்த அரங்கக் காப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் கவலை வேறு. வேண்டாத உருவத்தை அவள் இரண்டு விதமாக எடுப்பாள். சாயம் ஈரமாக இருந்தால் துணியால் துடைத்துவிடுவாள். காய்ந்திருந்தால் மேலே பூசி மூடுவாள். அன்று எதைச் செய்தாள்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. துடைத்திருந்தால் அடியில் ஒன்றும் இருக்காது. படமும் போகும், அத்தானும் போவார்.

"வேணாம்மா," என்றார் அத்தான். "படத்தைக் கெடுத்துக்காதே. நான் பாத்துக்கறேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்வார், பாவம். அவள் கைப்பையிலிருந்து தட்டைக் கத்தியையும் சாயம் கரைக்கும் டர்பன்டைன் புட்டியையும் எடுத்தாள். படத்தை மேசைமேல் படுக்கவைத்து, கம்பத்தின் வலப்பக்கம் பஞ்சால் ஒற்றினாள். காத்திருந்தாள். கத்தியைச் சாய்த்துச் சுரண்டினாள். சாம்பல் பொடிப்பொடியாக வந்தது. அடியில் சேற்றுநிறம். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். படத்துணியின் வெள்ளை இழை பல்லைக் காட்டியது.

"ஒண்ணும் இல்லையே," என்றார் அதிகாரி.

கத்தியை நிறுத்தினாள். இடம் தப்போ? அவர் கம்பத்தை ஒட்டி நின்றாரா, குனிந்து நின்றாரா? கண்ணை மூடி அந்தக் கரையைப் பார்த்தாள். எண்ணைப் படிக்கக் குனிந்திருந்தார். அப்படியானால் இன்னும் கீழே. ஒரு விரற்கடை கீழே பஞ்சை வைத்தாள். இந்தமுறை அழுத்தவில்லை. தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல மேல்பூச்சை மட்டும் ஒதுக்கினாள்.

ஆரஞ்சு தெரிந்தது. முதலில் கடுகளவு, பிறகு ஒரு முதுகு, ஒரு கை, கம்பத்தைப் பிடித்திருந்த கை.

அதிகாரி பழைய தாள்களைப் புரட்டினார். தன் மழைக்கோட்டு கிழிந்துவிட்டதால் அன்று மட்டும் மனைவியின் ஆரஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன் என்று அத்தான் விசாரணையின் முதல் நாளே சொல்லியிருந்தார். அப்போது கீழத்தெருக்காரர்கள் சிரித்தார்களாம். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். பேனாவைத் திறந்து, அவர் கரையில் இருந்தது உறுதி என்று எழுதி, எழுதியதைப் படித்தும் காட்டினார்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள், கூச்சப்படவில்லை. காப்பாளர் மட்டும் துணி தெரிந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தான் எழுந்து வந்து மேசைமேல் குனிந்தார். கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத தன்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் நின்னது படத்துக்கு அவ்வளவு இடைஞ்சலா இருந்துச்சாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் அந்த அறையில் இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

"இருந்துச்சு அத்தான்."

அவர் தலையாட்டினார். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து, தங்கை பக்கம் திரும்பாமல், புருஷன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.